நாலாவது போளி

பிளஸ் டூ படிக்கும்போதே பகுதிநேர வேலைக்கும் போனேன் என்று சொன்னால், கேட்கிறவர்களின் முகத்தில் ஒரு மரியாதை வருகிறது. "அந்த வயசுலயே எவ்வளவு பொறுப்பு!" என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பொறுப்பாவது, மண்ணாங்கட்டியாவது! ஞாயிறு என்று வாரத்துக்கு ஒரே ஒரு கிழமைதான் இருந்தது. அதை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தார்கள். நடுவில் மாட்டிக்கொண்டு முழித்தது நான்.

ஒரு பக்கம் கெமிஸ்ட்ரி டீச்சர். பாடம் முடியவில்லை என்று டிசம்பரிலிருந்து ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குச் சிறப்பு வகுப்பு வைத்தார். வாரம் ஐந்து நாளும் பாடம் நடத்த நேரம் இருந்தது. அப்போதெல்லாம் தன் தங்கை வீடு கட்டுகிற கதையைச் சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமையில் கை வைத்தார். இன்னொரு பக்கம் கேட்டரிங் கேப்டன். திருவனந்தபுரத்தில் கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்களில் பாதிப் பேர் படிக்கிற பிள்ளைகள்தான். அவர்களைக் கூட்டி, மேய்த்து, திட்டி, வேலை வாங்குகிறவருக்குக் கேப்டன் என்று பெயர். எங்கள் கேப்டன் மார்த்தாண்டத்துக்காரர். அவருக்கு ஞாயிறு என்றால் முகூர்த்தம், அவ்வளவுதான். பரீட்சை, ரெக்கார்டு நோட்டு என்று சொன்னால் காது கேட்காது.

நான் இந்த வேலைக்குப் போனதே வேடிக்கைக்காகத்தான். பிளஸ் ஒன் முடிந்த விடுமுறையில் பக்கத்து வீட்டுச் சேச்சி, "வா, நல்ல சாப்பாடு கிடைக்கும்" என்று கூப்பிட்டாள். போனேன். கிடைத்த பணத்தை அம்மாவிடம் கொடுத்தேன். அந்த வாரம் பார்த்தா எங்கள் வீட்டுக் கேஸ் சிலிண்டர் தீர வேண்டும்? தீர்ந்தது. அன்றிலிருந்து கேஸ் என் கணக்கு என்று ஆகிவிட்டது. யாரும் என்னிடம் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை. அப்பா சாலைக் கடைத்தெருவில் ஒரு ஹோட்டலில் டீ மாஸ்டர். அம்மா அதே தெருவில் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுகிறவள். வாடகை, அரிசி, என் பஸ் என்று அவர்கள் சம்பளம் கரைந்துவிடும். நீலச் சுவாலை மஞ்சளாக எரிய ஆரம்பித்ததும் அம்மா சிலிண்டரைச் சாய்த்து, காதருகே வைத்தாற்போல ஆட்டிப் பார்ப்பாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏட்டி, இந்த ஞாயித்துக்கிழம எங்க கல்யாணம்?" என்பாள். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து இருபது வருஷமாகியும் அம்மாவின் 'ஏட்டி' மட்டும் மாறவில்லை.

முதல் நாளே நான் மானத்தை வாங்கிவிட்டேன். கேப்டன் என் கையில் போளித் தட்டைக் கொடுத்து, ஓரமாக நிற்கச் சொன்னார். இலை போட்டார்கள், ஆட்கள் உட்கார்ந்தார்கள். எங்கள் ஊர்க் கல்யாணத்தில் இலையில் முதலில் இனிப்பைத்தான் வைப்பார்கள். நான் என்ன கண்டேன்? தட்டை எடுத்துக்கொண்டு வரிசையாகப் போளி போட ஆரம்பித்துவிட்டேன். பதினோரு இலை போட்ட பிறகுதான் பன்னிரண்டாவது இலைக்காரர், தோளில் கசவுக்கரைத் துண்டு போட்ட பெரியவர், இலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இதெந்தா? ஊணு கழிஞ்ஞோ?" என்றார். சாப்பாடு முடிந்துவிட்டதா என்று கேட்கிறார். இந்த ஊரில் பருப்பு, சாம்பார் எல்லாம் ஆன பிறகுதான் அடைப் பிரதமன் என்கிற வெல்லப் பாயசம். அதற்கும் பிறகுதான் போளி வரும். அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றிக் கையால் பிசைந்து சாப்பிடுவார்கள். அந்த வரிசை ஒரு இம்மி மாறக்கூடாது. மாறினால் பெண் வீட்டுக்கே அவமானம்.

கேப்டன் ஓடி வந்தார். "மக்ளே, இது உங்க சங்கரன்கோவில் இல்ல. திருவனந்தபுரமாக்கும்!" என்று பல்லைக் கடித்துக்கொண்டு பதினோரு போளியையும் தானே எடுத்தார். அதோடு விட்டாரா? போளியில் தொடங்கினவள் போளியிலேயே கிடக்கட்டும் என்று என்னை நிரந்தரமாகப் போளிக்குப் போட்டுவிட்டார். போளி எப்படியும் தமிழர் பண்டம்தானே என்று அதற்கு ஒரு நியாயம் வேறு. அதன் பிறகு அங்கே எனக்குப் பெயரே போளி. "போளி எங்க?" "போளி, மூணாம் வரிசைக்குப் போ." பள்ளிக்கூடத்திலாவது பெயர் இருந்ததா என்றால், அதுவும் இல்லை. கெமிஸ்ட்ரி டீச்சருக்கு நான் முப்பத்தியொண்ணு. வருகைப் பதிவேட்டில் என் எண் அது. இரண்டு வருஷமும் அந்த எண்ணைத்தான் கூப்பிட்டார்.

ஜனவரி நடுவில் மகர மாத முகூர்த்தங்கள் தொடங்கின. பிப்ரவரி கடைசியில் செய்முறைத் தேர்வு. அதற்குள் கெமிஸ்ட்ரி ரெக்கார்டு நோட்டில் ஒவ்வொரு சோதனைக்கும் கீழே டீச்சர் தேதி போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாதவர்களைத் தேர்வு அறைக்குள் விடமாட்டார்கள். செய்முறை போனால் கெமிஸ்ட்ரி போச்சு. கெமிஸ்ட்ரி போனால் பி.எஸ்சி. நர்சிங் போச்சு. நான் வேறு எதையும் யோசித்து வைத்திருக்கவில்லை. மற்ற எல்லாச் சோதனைக்கும் கையெழுத்து வாங்கிவிட்டேன். கடைசி ஒன்று, உப்புப் பகுப்பாய்வு, அது மட்டும் பாக்கி. அதை ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்தான் செய்யச் சொல்லுவேன் என்று டீச்சர் பிடிவாதம்.

நான்கு ஞாயிறு நான் போகவில்லை. ஐந்தாவது வாரம் வெள்ளிக்கிழமை, வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எழுப்பி நிறுத்தினார்.

"முப்பத்தியொண்ணு, ஈ ஞாயராழ்ச்ச வந்நில்லெங்கில் ஞான் ஒப்பிடில்ல. பின்னெ பரீட்சைக்கு வரண்ட."

இந்த ஞாயிறு வராவிட்டால் கையெழுத்து இல்லை, தேர்வுக்கும் வர வேண்டாம். இதில் புரியாமல் போக ஒன்றும் இல்லை. சரி, வேலை கிடக்கட்டும் என்று அன்று சாயங்காலமே கேப்டனுக்குப் போன் செய்தேன்.

"அண்ணா, இந்த ஞாயித்துக்கிழம மட்டும் வேண்டாம். ஸ்கூல்ல கிளாஸ் இருக்கு."

"என்ன மக்ளே வெளையாடுதியா? பெரிய கல்யாணம். ஆயிரத்துக்கு மேல ஆளு. போளிக்கு நான் எங்க போவேன்? வரலைன்னா இனி வரவே வேண்டாம், கேட்டியா?"

வைத்துவிட்டார். இரண்டு பக்கமும் 'வர வேண்டாம்'! நானும் சரி, வரவில்லை போ என்று சொல்லியிருப்பேன். சமையலறைக்குள் போனால் அம்மா பக்கத்து வீட்டு மின்சார அடுப்பைக் கடன் வாங்கி வைத்துக் குழம்பு கொதிக்க விட்டுக்கொண்டிருந்தாள். சிலிண்டர் முந்தின நாளே தீர்ந்துவிட்டதாம். என்னிடம் சொல்லாமல் சமாளித்திருக்கிறாள். அதைப் பார்த்ததும் எனக்கு எல்லார் மேலும் கோபம் வந்தது. டீச்சர் மேல், கேப்டன் மேல், அந்தக் காலிச் சிலிண்டர் மேல், ஒன்றும் சொல்லாமல் குழம்பைக் கிண்டுகிற அம்மா மேல் எல்லாவற்றையும்விட அதிகமாக.

"கல்யாணத்துக்கே போறேன். நீ டீச்சருக்குப் போன் பண்ணிக் காய்ச்சல்னு சொல்லு" என்றேன்.

"ஏட்டி, பொய்யெல்லாம் எனக்கு வராது."

"எனக்கு மட்டும் பிறவியிலயே வருமோ? சொல்லும்மா."

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அம்மா போன் செய்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். மலையாளத்தில் காய்ச்சலைப் 'பனி' என்பார்கள். அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதும். "டீச்சரே, மோள்க்கு நல்ல பனி" என்று சொல்லும்போதே அவளுக்கு வியர்த்துவிட்டது. உண்மையிலேயே காய்ச்சல் அவளுக்குத்தான் வந்திருக்கும்.  நாளைக்கு ரெக்கார்டோடு வரட்டும், பார்க்கலாம் என்று டீச்சர் வைத்துவிட்டார். 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம்? போடுவார் என்றா, போடமாட்டார் என்றா? அதை மென்றுகொண்டே கல்யாண மண்டபத்துக்குப் பஸ் ஏறினேன்.

மண்டபத்தில் வேலைக்கு இறங்கும்முன் கேப்டன் எல்லாருடைய போனையும் வாங்கி ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிவிடுவார். பந்தி நடுவில் எவளாவது போனை நோண்டினால் அவருக்குப் பைத்தியம் பிடித்துவிடும். கறுப்புப் பேன்ட், மெரூன் சட்டை, தலையில் வலைத்தொப்பி, கையுறை, வாய்க்கு முன்னால் கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. இந்தக் கோலத்தில் போளித் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன்.

முதல் பந்திக்குக் கதவு திறந்ததும் வழக்கம்போல ஒரே தள்ளுமுள்ளு. பட்டுப் புடவையும் தங்கமுமாக வந்தவர்கள் பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோல நாற்காலியில் கைப்பையைப் போட்டுப் பிடித்தார்கள். ஒரு வழியாக எல்லாரும் உட்கார்ந்தார்கள். பருப்பு போனது, சாம்பார் போனது, அடைப் பிரதமன் போனது. என் முறை. மூன்றாம் வரிசை. தலையைக் குனிந்தபடி இலைக்கு இரண்டு என்று போட்டுக்கொண்டே போனேன். வரிசையில் பாதி கூடத் தாண்டவில்லை, ஒரு குரல் கேட்டது. தங்கை வீட்டுக்கு டைல்ஸ் எடுக்கப் போன கதையைச் சொல்லுகிற குரல்.

என் கால் அப்படியே நின்றுவிட்டது. நான்கு இலை தள்ளி, கசவுப் புடவையும் தலை நிறைய முல்லையுமாகக் கெமிஸ்ட்ரி டீச்சர்! பக்கத்தில் அந்தத் தங்கை.

அடக் கடவுளே, இவருக்கு இங்கே என்ன வேலை? மணி பன்னிரண்டு கூட ஆகவில்லை. பத்து மணி வகுப்பு ஒரு மணி வரை நடக்குமே? வகுப்பை விட்டுவிட்டு வந்துவிட்டாரா? எனக்காகவே தேடிக்கொண்டு வந்தாரா? புத்தி அப்போது இப்படியெல்லாம்தான் ஓடியது. பக்கத்து வரிசைச் சேச்சியிடம், "சேச்சி, வரிசை மாறிக்கலாமா?" என்று கெஞ்சினேன். அவள் பப்படத்தைக் காட்டி, "எனக்கு இதுவே தீரல" என்று போய்விட்டாள். பின்னால் பால் பாயசக்காரன் வாளியோடு என் முதுகில் முட்டிக்கொண்டு நின்றான். போளி விழாமல் அவனால் பாயசம் ஊற்ற முடியாது. நகர்ந்தே ஆக வேண்டும்.

நான்கு இலையும் முடிந்தது. டீச்சர் இலையில் இரண்டு போளி போட்டேன். இரண்டாவது போளி தவறிப் பச்சடி மேல் விழுந்தது. அவர் கதையை நிறுத்தவே இல்லை. தப்பித்தேன் என்று நாலடி போயிருப்பேன்.

"மோளே, ஒரு போளி கூடெ."

இன்னும் ஒன்று வேண்டுமாம். திரும்பி வந்து போட்டேன். தங்கைக்கும் இன்னொன்று கொடுத்து, அடுத்த இலைக்கு நகர்ந்ததும் மறுபடியும் கை உயர்ந்தது. நாலாவது போளி. இந்தத் தடவை தலையை நிமிர்த்தி நேராக என் முகத்தைப் பார்த்தார். ஒரு முழ தூரம்கூட இருக்காது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"நல்ல போளி. இது எவிடத்தெயா?" எங்கே செய்தது என்று கேட்கிறார்.

"இவிடத்தெ அடுக்களயில் உண்டாக்கியதா, டீச்சர்" என்றேன், இங்கேயே சமையலறையில் செய்தது என்று.

டீச்சர்! என் நாக்கை நானே கடித்துக்கொண்டேன். ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? பெருமையாகச் சிரித்துத் தங்கையின் கையைத் தட்டினார். "கண்டோ, என்னெக் கண்டாலே டீச்சராணென்னு அறியாம்!" பார்த்தாலே டீச்சர் என்று தெரிந்துவிடுகிறதாம். சொல்லிவிட்டுப் பாயசத்தை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தார்.

அவருக்கு என்னைத் தெரியவில்லை. இரண்டு வருஷம் மூன்றாவது பெஞ்சில் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்திருக்கிறேன். தொப்பியும் பிளாஸ்டிக்கும் போட்டால் என்ன, கண் அதே கண்தானே? குரல் அதே குரல்தானே? தப்பித்ததற்குச் சந்தோஷப்பட வேண்டியவள், அடுத்த வரிசைக்குப் போகும்போது அழுகையை அடக்கிக்கொண்டு போனேன். பிறகு அந்த அழுகையின் மேலும் கோபம் வந்தது. தெரிந்திருந்தால் மட்டும் என்னடி செய்திருப்பாய், பைத்தியமே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

வேலை முடிந்து துணிப்பையிலிருந்து போனை எடுத்தபோதுதான் வகுப்புக் குழுவில் வந்திருந்த செய்தியைப் பார்த்தேன். காலை எட்டு மணிக்கு டீச்சர் அனுப்பியது. இன்று சிறப்பு வகுப்பு இல்லை, எனக்கு நல்ல பனி. அம்மா போன் செய்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வேறு காரணம் கிடைக்கவில்லை போலிருக்கிறது, அம்மா சொன்னதையே எடுத்துக்கொண்டார். கீழே நாற்பது பேர் 'சீக்கிரம் குணமாகுங்கள் டீச்சர்' என்று கைகூப்பியிருந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்து எனக்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா என்றே தெரியவில்லை. இல்லாத வகுப்புக்குப் போகாமல் இருக்க அம்மாவைப் பொய் சொல்ல வைத்திருக்கிறேன்!

திங்கட்கிழமை கெமிஸ்ட்ரி லேபில் ரெக்கார்டோடு வரிசையில் நின்றோம். அன்றுதான் கையெழுத்துக்குக் கடைசி நாள். உப்புப் பகுப்பாய்வை ராத்திரி வீட்டில் உட்கார்ந்து நோட்டில் எழுதி முடித்திருந்தேன். டீச்சர் மேசையில் நிமிராமல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தையும் பேசக்கூடாது, வாயை மூடிக்கொண்டு கையெழுத்தை வாங்கிக்கொண்டு போய்விட வேண்டும் என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

என் முறை வந்தது. நோட்டை விரித்து வைத்தேன். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"முப்பத்தியொண்ணு. ஒற்ற ஞாயராழ்ச்சயும் வந்நிட்டில்ல. படிக்காதெ நடந்நோ, ஒடுவில் கல்யாணத்தினு போளி விளம்பான் போகாம்."

ஒரு ஞாயிறும் வரவில்லையாம்; படிக்காமல் திரி, கடைசியில் கல்யாணத்தில் போளி பரிமாறப் போகலாம். பின்னால் நின்ற பிள்ளைகள் சிரித்தார்கள். உலகத்தில் வேறு வேலையே இல்லையா? கொத்தனார் வேலை, கூட்டுகிற வேலை என்று எதையாவது சொல்லியிருக்கக்கூடாதா? போளிதான் கிடைத்ததா? காலையிலிருந்து மூடி வைத்திருந்த வாய் தானாகத் திறந்துகொண்டது.

"டீச்சர், இன்னலெ நாலு போளி விளம்பியது ஞானா."

நேற்று நாலு போளி பரிமாறியது நான்தான். கத்தவில்லை. முதல் இரண்டு பேருக்காவது கேட்டிருக்கும்.  கையெழுத்து போச்சு, தேர்வு போச்சு, எல்லாம் என் வாயால் போச்சு. பேனா நோட்டுக்கு மேலே அப்படியே நின்றது. டீச்சர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நெற்றி, கண், தொப்பி இல்லாத தலைமுடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகம் சிவந்துவிட்டது.

"பனி மாறியோ?" காய்ச்சல் விட்டதா என்று மெதுவாகக் கேட்டார்.

"மாறி" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஜாதியா நான்? "டீச்சருக்கோ?"

 கடைசிப் பக்கத்தில் பேனா இறங்கியது. கையெழுத்துப் போட்டார். அதன் கீழே தேதி போட்டார். ஞாயிற்றுக்கிழமைத் தேதி. நேற்று அந்த லேப் பூட்டிக் கிடந்தது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். நோட்டை மூடினார். அட்டையில் ஒட்டியிருந்த பெயரை வாசித்தார். வாசித்துவிட்டு, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்.

"அடுத்த ஞாயராழ்ச்ச கிளாஸ் உண்டு. ஞான் நோக்கும், கேட்டோ."

வகுப்பு உண்டு, நான் பார்ப்பேன். அவ்வளவுதான். நோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். நியாயமாக நான் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். கையில் கையெழுத்து இருக்கிறது. பெயரும் தெரிந்துவிட்டது. ஆனால் படி இறங்கும்போதே புரிந்துவிட்டது, தெரிந்ததுதான் வினை. முப்பத்தியொண்ணு எத்தனை ஞாயிறு வேண்டுமானாலும் காணாமல் போயிருக்கலாம். இனிமேல் அந்த மூன்றாவது பெஞ்சு காலியாக இருந்தால் நான் எந்தப் பந்தியில், எந்தத் தட்டோடு நிற்கிறேன் என்று அவருக்குத் தெரியும். தேர்வு முடியும்வரை இனி எந்த ஞாயிறும் என்னுடையது இல்லை.

வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் நோட்டைக் காட்டினேன். நேற்றுப் போளிக்குக் கிடைத்ததில் வந்த புதுச் சிலிண்டரில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது.

"போட்டுட்டாவளா!" என்று ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அந்தக் கையெழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். "பெறகு ஏன்டி மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"இனிமே எனக்குக் காய்ச்சல் வராதும்மா. பரீட்சை முடியற வரைக்கும் கல்யாணத்துக்குப் போகமுடியாது."

அம்மா நோட்டை மூடி என்னிடம் கொடுத்தாள்.  அடுப்பருகே போய்த் தீயைக் குறைத்து வைத்தாள். காலையில்தான் மாட்டிய, இன்னும் முழுசாக நிறைந்திருந்த அந்தச் சிலிண்டரைக் குனிந்து சாய்த்து, ஆட்டிப் பார்த்தாள்.